குழி அங்கே, மேடு இங்கே: ஒரு டன் நிலக்கரியின் நிலக் கணக்கு

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் வரைக்கும், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தடா, சூளூர்பேட்டை, சத்தியவேடு வரைக்கும் எங்கே கிணறு வெட்டினாலும் வெட்டத் தகுந்த நிலக்கரி வராது. பாறையைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். சத்தியவேட்டைச் சுற்றியுள்ள மணற்கல்லும் தெற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறையும் கோண்டுவானா என்ற பழம்பாறை வரிசையின் குடும்பம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் கடைக்குட்டிகள். பிளந்து பார்த்தால் இலைத் தடம் கிடைக்கும், எரிக்கிற அளவுக்குக் கரி கிடைக்காது. கரி தருவது கோண்டுவானாவின் கீழடுக்கு, அதிலும் பராக்கர் என்று நிலவியலார் சொல்லும் படிவம். பல கோடி ஆண்டுகள் மூத்தது. அது தரைக்கு அருகில் வருவது இங்கிருந்து வடக்கே வெகுதூரத்தில், பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில். அதையும் தாண்டினால் ஒடிசாவின் தால்ச்சேரில்.

ஆனாலும் நிலக்கரியின் நிலக் கணக்கில் இந்த எல்லைப்பக்கத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியாக வேண்டும். வெட்டிய இடத்தில் குழி விழுகிறது, எரித்த இடத்தில் சாம்பல் மேடு எழுகிறது. குழியை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மேடு யார் கணக்கிலும் சரியாக ஏறுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தத் தூரம்தான் இந்தக் கதையின் முடிச்சு.

விறகு தந்த நிலம்

ராயபுரத்திலிருந்து ஆற்காடு அருகே உள்ள வாலாஜா சாலை நிலையத்துக்கு 1856 ஜூலை 1 அன்று ரயில் ஓடத் தொடங்கியபோது தென்னாட்டில் கரி வெட்டப்படவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் கரி விலை கட்டுப்படியாகாது. எஞ்சின்கள் விறகைத் தின்றன. பக்கத்துக் காடுகள் மெலிந்ததும் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. பொன்னேரியிலிருந்து நெல்லூர் வரைக்கும் இன்று பார்க்கிற சவுக்குத் தோப்புகளுக்கு மூதாதை அந்தக் காலத்து எரிபொருள் தேவைதான்.

சென்னை நகரத்து அடுப்புக்கும் இங்கிருந்துதான் விறகு போயிற்று. 1806-ல் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய் பிறகு வடக்கே நீண்டது. 1877-78 பஞ்ச நிவாரண வேலையில் இன்னும் நீண்டு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டு விறகு பழவேற்காடு ஏரியைக் கடந்து, கால்வாயில் படகு படகாகச் சென்னைக்கு வந்தது. அந்தத் தீவு 1969-ல் ராக்கெட் தளத்துக்காகத் தேர்வாகும் வரை, சென்னைக்காரர்களுக்கு அது விறகுத் தீவு.

ஆக, கரிக்கு முன்பும் இந்தப் பகுதி எரிபொருள் நிலமாகத்தான் இருந்தது. வித்தியாசம் ஒன்று உண்டு. சவுக்கை வெட்டினால் திரும்ப நடலாம். விறகுச் சாம்பலை வயலில் போடலாம், பாத்திரம் துலக்கலாம், மிச்சம் என்று ஒன்றும் நிற்காது.

கிங் சீம், குவீன் சீம்

1871-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங், நிஜாம் ஆட்சிப் பகுதியில் இல்லந்து அருகே கரிப் படுகையைக் கண்டு பதிவு செய்தார். பத்ராசலத்துக்கு நடந்துபோன பக்தர்கள் அடுப்புக்கு வைத்த கறுப்புக் கல்லே எரிந்ததைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது என்று அந்த ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அங்கே முக்கியமான கரி அடுக்குக்கு அவர் பெயராலேயே கிங் சீம் என்றும், இன்னொன்றுக்கு, ராஜா இருந்தால் ராணியும் வேண்டுமே, குவீன் சீம் என்றும் பெயர் நின்றுவிட்டது. 1886-ல் ஹைதராபாத் டெக்கான் கம்பெனி வெட்டும் உரிமை வாங்கியது. 1889-ல் உற்பத்தி தொடங்கியது. 1920 டிசம்பர் 23 அன்று சிங்கரேணி காலரீஸ் கம்பெனி என்ற பெயர் வந்தது. 1945-ல் நிஜாம் அரசு பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. இன்று பங்கு தெலங்கானா அரசுக்கு 51, மத்திய அரசுக்கு 49.

சிங்கரேணிக் கரி தெற்கே வருவதற்குத் தண்டவாளம் வேண்டியிருந்தது. 1899-ல் சென்னை–விஜயவாடா தடம் இணைந்தது. ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை வழியாக இன்றைக்கும் போகிறதே, அதே தடம்தான். அதன் பிறகு தென்னாட்டு எஞ்சின்கள் மெல்ல விறகை விட்டன. சவுக்குத் தோப்புக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. நிலத்தின் மீதிருந்த சுமை இல்லந்துக்கும் கொத்தகூடத்துக்கும் இடம் மாறியது.

1975 வரை சிங்கரேணியில் வேலை முழுவதும் தரைக்குக் கீழேதான். சாய்வாக இறங்கும் பாதையை இன்க்லைன் என்பார்கள். உள்ளே அறையும் தூணுமாகக் கரியை வெட்டுவது வழக்கமான முறை. குறுக்கும் நெடுக்கும் பாதை வெட்டி, நடுவில் சதுரம் சதுரமாகக் கரித் தூண்களை விட்டுவிடுவார்கள். அந்தத் தூண்தான் கூரையைத் தாங்கும். தூண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு 2017 வரை நடப்பில் இருந்த 1957-ன் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறையில் அட்டவணையே உண்டு. 150 மீட்டருக்கு மேல் 240 மீட்டர் வரை ஆழம், பாதையின் அகலம் 4.2 மீட்டர் என்றால், ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவுக்கு 30 மீட்டர் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த நிலையில் நான்கில் ஒரு பங்குக் கரிதான் வெளியே வரும். மீதி முக்கால் பங்கு தூணாக நிற்கும்.

அந்த முக்கால் பங்கை அப்படியே விட்டுவர எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது. அடுத்த கட்டமாகத் தூண்களை எடுப்பார்கள். மேலே இருக்கும் நிலத்தின் விதி இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது. தூணை எடுத்துக்கொண்டே பின்வாங்கி, கூரையைத் தானாக விழவிட்டால், அந்தச் சரிவு அடுக்கடுக்காக மேலேறித் தரையை எட்டும். தரை, எடுத்த கரியின் கனத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்குக்கூட உட்காரும். 3 மீட்டர் கரி எடுத்தால் ஒன்றரை மீட்டர் பள்ளம். பள்ளத்தின் நடுவில் நிலம் அமுங்கி மட்டமாகவே இருப்பதால் வீடு தப்பிப்பதும் உண்டு. ஆபத்து ஓரத்தில். அங்கே நிலம் இழுபட்டு நீளமாக வெடிக்கும். ஏரிக்கு அடியில் அந்த வெடிப்பு ஓடினால் ஒரே கோடையில் ஏரி வறண்டுவிடும். வெடிப்பு வழியே காற்று உள்ளே போனால், மிச்சமிருக்கும் கரி தானே சூடேறிப் புகையத் தொடங்கும். சுரங்கம் மூடிப் பல வருடம் கழித்தும் மண்ணிலிருந்து புகை வருவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு வழி, தூணை எடுத்த இடத்தில் ஆற்று மணலைத் தண்ணீரோடு குழாயில் அனுப்பி நிரப்புவது. நன்றாக நிரப்பினால் தரை உட்காருவது சில அங்குலங்களோடு நின்றுவிடும். ஆனால் எடுத்த கரியின் பருமனுக்கு ஏறக்குறைய அதே பருமன் மணல் வேண்டும். ஊரைக் காப்பாற்றக் கோதாவரி மணலைக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

கைவிட்ட பழைய பாதைகளில் தண்ணீர் தேங்கும். பக்கத்தில் புதிதாக வெட்டுகிறவர்களின் வரைபடத்தில் அது சரியாகக் குறிக்கப்படவில்லை என்றால் நடுச்சுவர் எதிர்பார்த்ததைவிட மெலிதாகிவிடும். 2003 ஜூனில் கோதாவரிகனியில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 17 பேர் இறந்தார்கள். தரைக்குக் கீழே வெட்டுகிற இடத்தில் வரைபடம் தவறினால் மேலே நிலம் போகும், கீழே ஆள் போவார்கள்.

1975-க்குப் பிறகு திறந்தவெளிச் சுரங்கம் வந்தது. இன்று சிங்கரேணிக் கரியில் மிகப் பெரும்பங்கு அந்த வழியில்தான் வருகிறது. ஆள் சாவு குறைந்தது, தூணில் விடும் கரியும் மிச்சமானது. விலையை நிலம் முழுசாகக் கொடுத்தது. அங்கே ஒரு டன் கரிக்கு ஏறக்குறைய 6 கன மீட்டர் மேல்மண்ணும் பாறையும் அகற்ற வேண்டியிருக்கிறது. வெடித்து எடுத்த பாறை உப்பிப் பருக்கும். நான்கு லாரி அளவு வெட்டினால் கொட்டும்போது ஐந்து லாரி ஆகிவிடும். முதல் வெட்டின் மண்ணைக் கொட்டக் குழி இன்னும் இருக்காது. ஆகவே அது வெளியே, யாருடைய வயலிலோ மலையாகக் குவியும். வேலை நகர நகர, பின்னால் வரும் மண்ணை முன்னால் வெட்டிய குழியில் போட்டுக்கொண்டே போவார்கள். கடைசி வெட்டுக்கு வரும்போது போட மண் இருக்காது. முதலில் குவித்த மலையைத் திரும்ப அள்ளி வந்து கொட்டினால் சரியாகிவிடும். அந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போட யாரும் முன்வருவதில்லை. ஒவ்வொரு திறந்தவெளிச் சுரங்கத்துக்கும் ஒரு முனையில் மலையும் மறுமுனையில் ஏரியும் மிஞ்சுவது இப்படித்தான்.

மலையில் மரம் நட்டுப் பச்சையாக்குவது நடக்கிறது. அதில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மேல்மண். தோண்டும்போது மேலே உள்ள ஓர் அடி மண்ணைத் தனியே எடுத்து வைத்து, சீக்கிரமே திரும்பப் பரப்பினால் வேர் பிடிக்கும். உயரமாகக் குவித்து வருடக்கணக்கில் விட்டால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் போய்விடும். பிறகு அது வெறும் தூசி. கொட்டிய பாறை தானாக நிற்கும் சரிவு ஏறக்குறைய 37 டிகிரி. அதே செங்குத்தில் விட்டால் இரண்டு மழையில் ஓடை விழுந்து, நட்ட கன்றெல்லாம் அடிவாரத்தில் கிடக்கும். படிப்படியாக வெட்டி, மொத்தச் சரிவை 28 டிகிரிக்குள் கொண்டுவந்தால்தான் நிற்கும்.

ஒரு ஹெக்டேர், பதினைந்து நாள்

இப்போது 600 மெகாவாட் மின் உற்பத்தி அலகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் அப்படி இரண்டு உண்டு. முழுச் சுமையில் ஒரு நாளைக்கு 1 கோடியே 44 லட்சம் யூனிட் மின்சாரம். இந்தியக் கரியில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். ஆக நாளொன்றுக்குப் பத்தாயிரம் டன்.

பத்து மீட்டர் கனமுள்ள கரி அடுக்கு, கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால், ஒரு ஹெக்டேரில் ஒன்றரை லட்சம் டன் கரி இருக்கும். ஒரு ஹெக்டேர் நிலம் அந்த ஒரே அலகுக்குப் பதினைந்து நாள் சாப்பாடு. வருடத்துக்கு 24 ஹெக்டேர், கிட்டத்தட்ட 60 ஏக்கர். ஒரு துளி கரிகூட வீணாகாமல் எடுத்தால்தான் இந்தக் கணக்கு, நடப்பில் பரப்பு கூடும். சிங்கரேணி விகிதத்தில் போட்டால் இந்த ஒரு நாள் கரிக்காக அகற்றும் மண் 60,000 கன மீட்டர், அதாவது வெட்டிய பாறை உப்புவதைச் சேர்க்காமலே, பத்து கன மீட்டர் ஏற்றும் டிப்பருக்கு 6,000 நடை. தால்ச்சேரில் கரிக்கு மேலே அகற்ற வேண்டிய மண்ணும் பாறையும் இதைவிட மிகக் குறைவு. அங்கே கரி மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மேட்டுக் கணக்கு. நம் நாட்டுக் கரியில் சாம்பல் 35 முதல் 40 சதவீதம். காரணம் பழையது. செடிகள் நின்ற இடத்திலேயே புதைந்திருந்தால் கரி சுத்தமாக இருந்திருக்கும். கோண்டுவானா ஆறுகள் செடியையும் சேற்றையும் சேர்த்தே அடித்துவந்து படிய வைத்தன. அந்தச் சேறு கரிக்குள் இழை இழையாகக் கலந்துகிடப்பதால் கழுவினாலும் முழுசாகப் போகாது. தால்ச்சேரில் ஏற்றி, பாரதீப் துறைமுகத்திலிருந்து 70,000 டன் கப்பல் ஒன்று எண்ணூருக்கு வந்தால், அதில் 25,000 டன்னுக்குக் குறையாமல் எரியாத கல்லும் மண்ணும்தான். ஒடிசா நிலத்தைக் கப்பலேற்றித் திருவள்ளூர் மாவட்டத்தில் இறக்குகிறோம் என்று சொன்னால் மிகையில்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டதே முதன்மையாக இந்தக் கரிக்காகத்தான்.

அந்த ஒரே அலகு நாளொன்றுக்கு 3,500 டன் சாம்பல் தரும். குளத்தில் படிந்த சாம்பல் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன். பத்து மீட்டர் உயரத்துக்கு நிரப்பினாலும் ஒரு ஹெக்டேர் குளம் 28 நாளில் ரொம்பிவிடும். வருடத்துக்கு 13 ஹெக்டேர், 32 ஏக்கர். வெட்டும் முனையில் 60 ஏக்கர், எரிக்கும் முனையில் 32 ஏக்கர். சாம்பலை வேறெதற்கும் பயன்படுத்தாவிட்டால் மேடு, குழியில் பாதிக்கு மேல் வருகிறது.

இந்தக் கரையில் இருப்பது ஓர் அலகு மட்டுமில்லை. 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. வட சென்னையில் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200. வல்லூரில் 1,500. 2024-ல் 800 மெகாவாட் அலகு ஒன்று சேர்ந்தது. எல்லைக்கு அப்பால் நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணப்பட்டணத்திலும் 800 மெகாவாட் அலகுகள் நிற்கின்றன. எல்லாம் வருடம் முழுக்க முழுச் சுமையில் ஓடுவதில்லைதான். ஆனால் எந்தச் சுமையில் ஓடினாலும் சாம்பல் விகிதம் மாறாது.

நெய்வேலியில் குழியும் கொதிகலனும் ஒரே ஊரில் இருக்கின்றன. பழுப்பு நிலக்கரியில் சாம்பலும் குறைவு. அங்கே நிலத் தகராறு எழுந்தால் எதிரெதிரே உட்கார்ந்து பேச இரண்டு தரப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இங்கே குழி ஒரு மாநிலத்தில், மேடு இன்னொரு மாநிலத்தில். சாம்பலைப் பழைய சுரங்கக் குழியில் நிரப்பலாம் என்று விதி அனுமதிக்கிறது. கரி கொண்டுவந்த கப்பலிலேயே சாம்பலைத் திருப்பி அனுப்பிக் குழியில் கொட்டலாமே என்று தோன்றும். ஏற்றி இறக்கும் கூலியைக் கேட்டவுடன் அந்த யோசனை அடங்கிவிடும்.

குழாயின் வளைவு

கொதிகலனில் ஐந்தில் நான்கு பங்குச் சாம்பல் புகையோடு பறக்கும். அதைப் புகைபோக்கிக்கு முன்னால் மின்னூட்டிய தகடுகள் இழுத்துப் பிடிக்கும். மீதி ஒரு பங்கு கட்டியாக அடியில் விழும். பறந்த சாம்பலை உலர்ந்தபடியே உருளைக் கலத்தில் சேர்த்து லாரியில் ஏற்றினால் சிமென்ட்டுக்கும் கல்லுக்கும் போகும். எடுக்க லாரி வராதபோது தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். சாம்பல் ஒன்றுக்குத் தண்ணீர் ஐந்து மடங்கிலிருந்து பத்து மடங்கு.

ஆற்றையும் கடலோர உப்பங்கழியையும் கெடுப்பது பெரும்பாலும் குளம் உடைவதால் அல்ல, இந்தக் குழாய் ஒழுகுவதால். சாம்பல் மெல்லிய மாவு போலத் தெரியும். அது கண்ணாடியைப் போலக் கடினமான சிலிக்கா. குழாய்க்குள் ஓடும்போது கனமான துகள் அடிப்பக்கமே உரசிக்கொண்டு போகும். ஆகவே குழாயின் அடிப்பாகம் மட்டும் மெலியும். சரியாகப் பராமரிப்பவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் குழாயைக் கால்வாசித் திருப்பம் திருப்பி வைப்பார்கள். தேய்ந்த பக்கம் விலாவுக்குப் போகும், புதுப் பக்கம் அடியில் வரும். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் போதும், ஊசித் துளை விழுந்து ஆறு மாதத்தில் அது பீய்ச்சும். வளைவுகளில் தேய்மானம் இன்னும் அதிகம். அங்கே பசால்ட் கல் உள்ளுறை போட்ட குழாய் வேண்டும். திடீரென்று பம்பு நின்றால் குழாய்க்குள் சாம்பல் படிந்து இறுகும். திரும்ப ஓட்டும்போது அடைப்பின் அழுத்தத்தில் இணைப்பு பிளக்கும். பம்பை நிறுத்துமுன் வெறும் தண்ணீர் விட்டு அலசியிருக்க வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் இடத்திலேயே மின்சாரம் நின்று பம்பு ஓயும்போது யார் அலசுவது?

குளத்தின் கரையை உயர்த்துவதிலும் ஒரு கண்ணி உண்டு. முதல் கரையை மண்ணால் கட்டி, குளம் நிறைந்ததும் உள்பக்கமாக நகர்ந்து, படிந்த சாம்பலின் மேலேயே அடுத்த கரையைக் கட்டுவது செலவு குறைந்த முறை. அடியிலுள்ள சாம்பல் வடிந்து இறுகியிருந்தால் தாங்கும். ஈரமாகவே இருந்தால் ஒரு பெருமழையில் கூழாகி நழுவும். கரையின் வெளிச் சரிவில் பாதி உயரத்தில் ஈரம் கசிந்து புல் பச்சையாக முளைத்திருந்தால், உள்ளே நீர்மட்டம் கரைக்குள் ஏறிவிட்டது என்று படிக்க வேண்டும். கோடையில் வேறு சிக்கல். மேற்பரப்பு காய்ந்ததும் ஆடிக் காற்றில் செப்பாக்கம் போன்ற பக்கத்து ஊர்களின் கூரையிலும் சோற்றிலும் சாம்பல் படியும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது அல்லது ஓர் அடி மண் மூடுவது, இரண்டைத் தவிர வேறு மருந்து இல்லை.

கழிக்குப் போன சாம்பல் என்ன செய்கிறது என்பதை இறால் பிடிப்பவர்களின் கையைப் பார்த்துச் சொல்லலாம். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் வலையில்லாமல் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் உண்டு. இடுப்பளவு நீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கையாலும் சேற்றை மெதுவாகக் கூட்டி வருவார்கள். இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்திருக்கும், விரலுக்கு அது குறுகுறுக்கும். சேறு மிருதுவாக இருந்தால்தான் இறாலும் புதையும், விரலும் போகும். சாம்பல் படிந்த அடித்தரை தளம் போல இறுகிவிடுகிறது. ஆழமும் குறைகிறது. ஆழம் குறைந்தால் ஏற்றத்துக்கு வரும் கடல்நீர் உள்ளே போகாது, மழைக்கு வரும் வெள்ளம் வெளியே போகாது. ஆர்செனிக், குரோமியம், ஈயம் பற்றித்தான் அறிக்கைகள் அதிகம் பேசுகின்றன. அவை சாம்பலில் சிறு அளவில் உண்டு, அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் மீன்பிடிப்பை முதலில் அடிப்பது விஷத்தைவிட, தரை உயர்வதுதான்.

சாம்பல் கல்

சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லும் மத்திய அரசின் முதல் அறிவிக்கை 1999 செப்டம்பர் 14-ல் வந்தது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் சூளைகள் சாம்பல் கலக்க வேண்டும் என்றார்கள். 2003-ல் 100 கிலோமீட்டர், 2016-ல் 300 கிலோமீட்டர். 2021 டிசம்பர் 31 அறிவிக்கை முழுச் சாம்பலையும் சில ஆண்டுச் சுழற்சிக்குள் தீர்க்கச் சொல்லி, தவறினால் கட்டணம் என்றது.

கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, சத்தியவேடு பக்கமெல்லாம் பிளை ஆஷ் கல் அறுக்கும் சிறு ஆலைகள் வந்தது இதனால்தான். ஒரு சாதாரணக் கலவையில் சாம்பல் 55 முதல் 60 பங்கு, கல்தூள் 25 முதல் 30, மீதி சுண்ணாம்பும் ஜிப்சமும். சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் போடுகிறவர்கள் 8 முதல் 10 பங்கு போடுவார்கள். கலவைத் தொட்டியில் அரைத்து, அச்சில் அழுத்தி எடுத்து, ஒரு நாள் நிழலில் விட்டு, பிறகு குறைந்தது 14 நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் இந்தப் பதினான்கு நாளில்தான். அவசரத்துக்கு ஐந்தாம் நாளே லாரி ஏற்றினால் ஓரம் உதிரும், பூச்சு வெடிக்கும். எரியாத கரி அதிகமுள்ள சாம்பல் என்றால் கல் கறுத்து, பலம் குறையும். கடல்நீரில் கரைத்துக் குளத்துக்குப் போன சாம்பலை அள்ளி வந்தால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும், அந்தச் சுவரைத் தொடும் கம்பியும் துருவேறும். வாங்குகிறவர் செய்யக்கூடிய சோதனை எளிது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். இடுப்புயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. காய்ந்த கல்லை எடைபோட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுத் திரும்ப எடைபோட்டால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறக் கூடாது.

இதனால் நிலத்துக்கு மிச்சமாவது நிஜம். ஆயிரம் செங்கல்லுக்கு இரண்டரை முதல் மூன்று கன மீட்டர் மண் வேண்டும். ஒரு லட்சம் கல்லுக்கு வயலில் ஓர் அடி ஆழம் எடுத்தால் 20 முதல் 25 சென்ட் நிலம் மேல்மண்ணை இழக்கும். சாம்பல் கல் அந்தப் பரப்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். மூன்று கிலோ கல்லில் சாம்பல் சுமார் 1.6 கிலோ. நாம் எடுத்துக்கொண்ட ஒரே அலகின் ஒரு நாள் சாம்பலைக் கல்லாகவே தீர்ப்பதென்றால் 20 லட்சம் கல்லுக்கு மேல் அறுக்க வேண்டும், தினமும். சிறு ஆலை ஒன்று பதினைந்தாயிரம் அறுத்தால் அதிகம். அதனால்தான் பெரும் பங்கு சிமென்ட் ஆலைக்கும் சாலை மேட்டுக்கும் போகிறது. சாலை மேட்டில் நடுவில் சாம்பல், இருபுறமும் மேலும் நல்ல மண் போர்வை என்று கட்டுவார்கள். போர்வை மெலிந்தால் ஒரு மழையில் சாம்பல் கரைந்து ஓடி மேட்டில் பொந்து விழும்.

சிவப்பு மண்ணுக்குக் கீழே

இதற்கும் போக மிஞ்சும் சாம்பல் பள்ள நிலத்தை நிரப்பப் போகிறது. தாழ்ந்த வயலை மனையாக்கும்போது நான்கடி சாம்பல் கொட்டி, மேலே ஓர் அடி கிராவல் பரப்பிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. மனை பார்க்கிறவர்கள் மூன்று நான்கு இடத்தில் ஐந்தடிக் குழி தோண்டிப் பார்ப்பது நல்லது. ஒரு ஜே.சி.பி. அரை மணி நேரத்தில் முடித்துவிடும். வெளிர் சாம்பல் நிறம், கையில் எடுத்தால் மண்ணைவிட லேசு, நனைத்துப் பிசைந்தால் களிபோல உருளாமல் விரலிடுக்கில் வழியும். ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டால் வெள்ளையாக ஒரு படலம் மிதந்து நிற்கும். அது உள்ளே காற்றடைத்த நுண்குமிழிச் சாம்பல்.

சாம்பல் இருக்கிறது என்றால் கட்டவே கூடாது என்பதில்லை. அஸ்திவாரம் அதன் மேல் நிற்கக் கூடாது, அதைத் துளைத்துக்கொண்டு பழைய வயல் மண்ணுக்கும் கீழே, கெட்டித் தரை வரை போக வேண்டும். செப்டிக் டேங்கைச் சுற்றி மணலும் மண்ணும் இட்டு இடிக்க வேண்டும், இல்லையென்றால் கசியும் நீரில் சாம்பல் நகர்ந்து தொட்டி சாயும். போர் போடும்போது சாம்பல் அடுக்கு முடியும் ஆழத்துக்கும் கீழே வரை குழாய் இறக்கி, வெளிச்சுற்றை சிமென்ட்டால் அடைக்க வேண்டும். மேல் நீர் குழாயை ஒட்டிக் கீழே வடியாமல் இருக்க அது ஒன்றே வழி. மரம் வைக்கிறவர்கள் மூன்றடிக் குழி எடுத்துச் சாம்பலை அள்ளிவிட்டு, வண்டல் மண்ணும் தொழு உரமும் இட்டு வைத்தால் வேப்பமரம் தாங்கும். தென்னை முதல் இரண்டு வருடம் நன்றாக வந்துவிட்டு, வேர் குழியைத் தாண்டியதும் நின்றுபோகும்.